கல்யாண ஆல்பத்தில் என் வீங்கிய முகம்

தொண்ணூறுகளின் நடுவில், தங்கை கல்யாணத்துக்கு மூன்று மாதம் இருக்கும்போது, எனக்கு மலத்தில் ரத்தம் போக ஆரம்பித்தது. மூலமாக இருக்கும் என்று நானே முடிவு கட்டி, வெட்கத்தில் யாரிடமும் சொல்லவில்லை. வழியில் அவசரமாக வந்துவிடுமோ என்று பொள்ளாச்சி பஸ்ஸில் ஏறவே நான் பயப்படுவதைப் பார்த்துக் கண்டுபிடித்தவர் என் கணவர்தான். பீளமேட்டில் பம்பு மோட்டார் ரிப்பேர் பட்டறை வைத்திருந்தார். மறுநாளே பட்டறையைப் பூட்டிவிட்டு டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனார்.

குழாய் விட்டுப் பார்த்த டாக்டர், பெருங்குடலில் அழற்சி என்றார். குடலின் உள்பக்கம் ஒரே அடுக்குச் செல்கள்தான் நெருக்கியடித்து நின்று வேலி காக்கின்றனவாம். கிருமியோடு சண்டை போட வேண்டிய எதிர்ப்பு சக்தி, எனக்கு என் குடலையே அடிக்கிறதாம். அந்த அழற்சியில் செல்களுக்கு நடுவே இடைவெளி விழுந்து, கிருமிகள் குடல் சுவருக்குள் கசிகின்றன. அதைக் கண்டு எதிர்ப்பு சக்திக்கு இன்னும் கோபம் ஏறுகிறது. எனக்குத் தலை சுற்றியது. இவருக்கோ முகம் மலர்ந்துவிட்டது.

"சீல் போயிருச்சுங்களா டாக்டர்?"

மோட்டாருக்குள் தண்ணீர் கசியாமல் தடுக்கும் வளையத்தைச் சொல்கிறார். பெண்டாட்டியைப் பம்பாக்கிவிட்டாரே என்று எனக்கு எரிச்சல்.

டாக்டர் சிரித்தார். "அப்படியே வெச்சுக்கங்க. ஆனா சூடு எறங்காம எந்தச் சீலும் நிக்காதுங்க. லீக் நின்னுபோச்சுன்னு மாத்திரைய நிறுத்திப்போடாதீங்க."

ஸ்டீராய்டு மாத்திரையில் மூன்றே வாரத்தில் ரத்தம் நின்றது. ஆனால் முகம் அரசாணிக்காய் போல உருண்டுவிட்டது. கல்யாணத்துக்குத் தைத்த ஜாக்கெட் கையில் ஏறவில்லை. விசாரிக்க வந்தவர்கள் என் முகத்தைப் பார்த்துப் பேச்சை மாற்றினார்கள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. ரத்தம்தான் நின்றாயிற்றே என்று, இவருக்குத் தெரியாமல் மாத்திரையை நிறுத்தினேன். பத்தே நாளில் ஆஸ்பத்திரிக் கட்டிலில், கையில் டிரிப்ஸோடு கிடந்தேன். கல்யாணத்துக்கு இன்னும் இருபது நாள்தான் இருந்தது.

திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

"ஏம்புள்ள நிறுத்துனே?"

"ஏனுங்க, எல்லாரும் லட்சணமா நிப்பீங்க. நா மட்டும் இந்த மூஞ்சியோட போட்டோவுல நிக்கோணுமாங்க?" சொல்லும்போதே அழுதுவிட்டேன்.

துண்டால் என் கண்ணைத் துடைத்துவிட்டார். "நீ மாத்திரையப் போடு. போட்டோவ நான் பாத்துக்கறேன்."

போட்டோக்காரரிடம் ஏதோ சொல்லி வைப்பார் என்று நினைத்து மாத்திரையைப் போட்டேன். கொடுமுடியில் கல்யாணம் நல்லபடியாக நடந்தது. வீங்கிய முகத்தோடு, தலையைக் குனிந்தபடியே எல்லாப் போட்டோவிலும் நின்றேன்.

ஒரு மாதம் கழித்து ஆல்பம் வந்தது. நான் இருக்கும் படங்களிலெல்லாம், என் பக்கத்தில் இவர் இரண்டு கன்னத்திலும் காற்றை அடைத்து, உப்பென்று, கொஞ்சமும் சிரிக்காமல் நிற்கிறார்.

கல்யாண ஆல்பத்தைக் கெடுத்துவிட்டார் என்று தங்கை இன்றுவரை மாமனைத் திட்டுகிறாள். நான் அதன்பிறகு, டாக்டரே கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்தும்வரை, ஒரு வேளை மாத்திரைகூடத் தவறவிட்டதில்லை.