பிறப்பிடமாகவும் வதிவிடமாகவும்

காலையில் சென்னையிலிருந்து கிளம்பிய சிறிய விமானம் ஒன்றரை மணி நேரத்தில் யாழ்ப்பாணத்துப் பலாலியில் இறங்கியது. சுற்றுலா விசா முத்திரையைக் குத்தி என்னைச் சட்டென்று உள்ளே விட்டுவிட்டார்கள். வெளிநாட்டானுக்கு இவ்வளவு வரவேற்பு! என் நண்பன் ராசன் இந்த நாட்டுக் குடியுரிமைப் பத்திரத்துக்காக ஆறு வருடம் அலைந்தான். அது வருவதற்குள் மாரடைப்பு வந்துவிட்டது. அவனுடைய முப்பத்தோராம் நாள் சடங்குக்குத்தான் போய்க்கொண்டிருந்தேன்.

ராசனின் பெற்றோர் வல்வெட்டித்துறைக்காரர்கள். போருக்குத் தப்பி எங்கள் ஊரான மண்டபத்து அகதி முகாமுக்கு வந்தபிறகு பிறந்தவன் அவன். பள்ளியில் என் பக்கத்தில் உட்காருவான். நாங்கள் வைத்த பெயர் 'சிலோன்காரன்'. முப்பது வயதுக்குமேல் மனைவி, மகளோடு இங்கே 'திரும்பி' வந்தான். பார்த்தே இராத ஊருக்கு எப்படித் திரும்புவது என்று அவனே கேலி செய்வான்.

பலாலியிலிருந்து வல்வெட்டித்துறை ஏறக்குறைய பதினைந்து கிலோமீட்டர். ஓட்டோவுக்கு இரண்டாயிரம் ரூபாய் பேசினேன்.

"ஆரின்ரை வீட்டுக்குப் போறியள்?" என்று ஓட்டுநர் கேட்டார்.

"ராசன்னு, முகாம்லேருந்து வந்தவரு. போன மாசம் இறந்துட்டாரு."

"ஓ, இந்தியாக்கார ராசனோ? பாவம், நல்ல மனுசன்."

கடலைத் தாண்டியதும் பட்டப்பெயர் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

பதினொரு மணிக்கு வீட்டை அடைந்தேன். சடங்குக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது. ராசனின் பெரியப்பா மகன் சண்முகம் அண்ணை, நெல்லியடி அச்சகத்திலிருந்து வந்த கல்வெட்டின் மாதிரிப் படியோடு பந்தலில் இருந்தார். கல்வெட்டு என்பது இங்கே இறந்தவரைப் பாடி, முப்பத்தோராம் நாள் எல்லோருக்கும் கொடுக்கும் சிறு புத்தகம். யார் இறந்தாலும் முதல் வரி ஒன்றுதான்: இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் இன்ன ஊரை வதிவிடமாகவும் கொண்ட இன்னார். அண்ணை இரண்டுக்கும் வல்வெட்டித்துறை என்றே போட்டிருந்தார்.

ராசனின் மனைவி கமலா அதைப் படித்துவிட்டு நிமிர்ந்தாள். "அவர் பிறந்தது மண்டபத்திலை. ஏன் பொய் போடுறியள்?"

"முகாமிலை பிறந்தவன் எண்டு போட்டால் சனம் கதைக்கும், பிள்ளை. அவன் எங்கடை ஆள்."

"உயிரோடை இருக்கேக்கை ஒருநாளாவது அப்பிடிச் சொன்னனீங்களோ? கோயில் திருவிழாவிலை தானும் ஒரு உபயம் செய்யவேணும் எண்டு கேட்டவர். இந்தியாக்காரனுக்கு என்ன உபயம் எண்டு சிரிச்சது நீங்கள்தானே?" பக்கத்தில் நின்ற மகளை இழுத்து அணைத்துக்கொண்டாள். "இவளும் அங்கைதான் பிறந்தவள். இவளுக்கும் அதை மறைக்கவேணுமோ?"

அண்ணை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் மண்டபத்துக்காரன் என்று அவரிடம் சொல்லியிருந்தேன்; என்னைப் பார்த்து, "தம்பி, அவனை உங்கடை ஊர் எண்டு போடலாமோ?" என்று கேட்டார்.

"போடுங்கண்ணே. எங்க ஊருதான்" என்றேன். அழுகையை அடக்க முடியவில்லை. எங்கள் ஊர் மட்டும் அவனைத் தன் பிள்ளையாக எண்ணியதா என்ன? அண்ணை பேனாவை எடுத்து, பிறப்பிடத்தில் இருந்த வல்வெட்டித்துறையை அடித்துவிட்டு 'மண்டபம்' என்று எழுதினார்.

சடங்கு முடிந்து நான் புறப்பட்டபோது கமலா மகளோடு வேலிப் படலைவரை வந்தாள். கல்வெட்டு ஒன்றை என் கையில் கொடுத்தாள். "செத்தாப் பிறகு அவருக்கு ஊர் எழுதியாச்சு, அண்ணை. இவளுக்குக் குடியுரிமைப் பத்திரம் உயிரோடை இருக்கேக்கையே ஆரும் எழுதுவினமோ?"

கல்வெட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு ஓட்டோவில் ஏறினேன். பலாலியில் அதிகாரி என் கடவுச்சீட்டைப் புரட்டி, முகத்தைக்கூடப் பார்க்காமல் முத்திரை குத்தினார். ஊருக்குப் போகிறேன் என்று சொல்ல எனக்கு ஒரு நாடு இருக்கிறது. அந்தப் பிள்ளைக்கு இரண்டு ஊர் இருந்தும் ஒரு நாடு இல்லை.