ஒஷாவா வழியில் ஒரு சீனிச் சம்பல் பாண்

முற்பகல் 11.30. டொரொன்டோவின் ஸ்கார்பரோவில் பேருந்து ஏறினேன். மதுரையிலிருந்து வந்து இங்கே ரூஜ் பகுதியில் மகள் வீட்டில் மூன்று வாரமாகத் தின்று தூங்குகிறேன். ஒஷாவா நாற்பது கிலோமீட்டர். அங்கே ஓர் இத்தாலியக் கடையில் கத்தரிக்காய் வைத்த நீள சாண்ட்விச் பதினோரு டாலர் என்று மருமகன் சொல்லியிருந்தார். வேலையற்றவனுக்கு இதைவிட என்ன வேலை?

இந்த நீளப் பண்டத்துக்கு டொரொன்டோவில் 'சப்' என்று பெயர். எல்லை தாண்டி நியூயார்க் போனால் 'ஹீரோ', பிலடெல்பியாவில் 'ஹோகி'. நாம் பிரெட் என்பதை இங்குள்ள இலங்கைத் தமிழர் பாண் என்கிறார்கள். வெங்காயத்தை மிளகாயும் சர்க்கரையும் போட்டுச் சுருள வதக்கி உள்ளே வைத்தால் சீனிச் சம்பல் பாண். முந்தின நாள் ஆசையாக வாங்கப் போனேன். மாசிக் கருவாடு சேரும் என்றதும் சைவக்காரன் நான் ஒதுங்கிவிட்டேன்.

12.05. ஏஜாக்ஸ் தாண்டியதும், சாப்பாட்டுக்கு இனி கால் மணி நேரம்தானே என்று சர்க்கரைக்கான ஊசியைப் போட்டுக்கொண்டேன். மகா புத்திசாலி! விட்பி அருகே முன்னால் ஏதோ விபத்து. 401 நெடுஞ்சாலை அப்படியே நின்றுவிட்டது. அரை மணியில் கை நடுங்கியது, சட்டை தெப்பமாக நனைந்தது. அவசரத்துக்கு வைத்திருக்கும் மிட்டாய் வேறொரு கோட்டில் கிடந்தது. கண் இருட்டியபோது நிஜமாகவே பயந்துபோனேன்.

பக்கத்து இருக்கை அம்மாள் என் முகத்தைப் பார்த்து, "அண்ணை, சுகரோ?" என்றார். தலையாட்டினேன். மடியிலிருந்த டப்பாவைத் திறந்தார். இரண்டு சீனிச் சம்பல் பாண்! அந்த நிலையிலும் மாசி என்று முனகி என் கை பின்வாங்கியது.

"மாசி போடேல்லை. கந்தசஷ்டி எல்லோ, ஆறு நாளும் எங்கட வீட்டில மீன், மச்சம் ஒண்டும் இல்லை. பயப்பிடாமல் சாப்பிடுங்கோ."

இரண்டையும் தின்று தீர்த்தேன். நடுக்கம் அடங்கிய பிறகுதான் விஷயம் தெரிந்தது. பெயர் பரமேஸ்வரி, மட்டக்களப்பில் பிறந்து யாழ்ப்பாணத்தில் வாழ்க்கைப்பட்டவர். விரதத்தில் அவர் பச்சைத் தண்ணீரோடு இருக்கிறார். பாண், ஒஷாவாவில் படிக்கும் மகளுக்கு. கூசிப்போனேன்.

"அவளுக்குப் பசிச்சால் பொறுப்பாள். உங்களுக்குப் பொறுக்கேலுமோ?" என்றார்.

1.10. ஒஷாவா. நிறுத்தத்தில் காத்திருந்த பெண் ஓடிவந்து டப்பாவை வாங்கினாள். காலி. பரீட்சைக்கு இருபது நிமிடம்தான் இருந்தது. தாய் அவள் காதில் ஏதோ சொன்னார். அவள் நேரே என்னிடம் வந்து, "ஆர் யூ ஓகே, அங்கிள்?" என்று கேட்டுவிட்டு ஓடினாள்.

ஊருக்கு ஊர் ஆயிரம் பெயர் இருக்கட்டும், மதுரையில் எங்கள் வீட்டில் சீனிச் சம்பல் பாணுக்கு இப்போது பெயர் பரமேஸ்வரி. "ரெண்டு பரமேஸ்வரி போதுமாங்க?" என்று மனைவி அடுப்படியிலிருந்து கேட்பாள். போதும் என்பேன். முதல் வாய் வைக்கும்போதெல்லாம், அந்தப் பிள்ளை அன்றைக்குப் பசியோடு பரீட்சை எழுதியது ஞாபகம் வரும்.