வாலடியில் ஒரு புள்ளி

நல்லூரில் டி-ஷர்ட்டில் படம் அச்சடிக்கும் ஒரு பிரிண்டிங் யூனிட்டில் நான் மாஸ்டர். தூத்துக்குடிப் பெண் ஜெனி டிசைனராகச் சேர்ந்த முதல் நாளே எனக்கு வயிறு எரிய ஆரம்பித்துவிட்டது. நான் சேர்ந்தபோது உட்காரக் கிடைத்தது இங்க் டப்பா; அவளுக்கு ஏசி ரூம். முதலாளி அவளிடம், "டீ குடிச்சியா கண்ணு?" என்பார். என்னிடம், "ஸ்கிரீன் கழுவியாச்சுங்களா?"

வேலை குறைந்திருந்த நேரம். வெளிநாட்டு பையர் ஒருவர் குழந்தைகள் டி-ஷர்ட்டில் ராஸ் என்ற சின்ன மீனைக் கேட்டார். சாம்பிள் ஓகே ஆனால்தான் ஆர்டர். இல்லையென்றால் பிரிண்ட் அடிக்கும் டேபிள் ஆட்களுக்கு ஷிப்ட் கிடையாது.

ஜெனி பாறை வரைந்து, பாசி வரைந்து, நடுவில் சாண் நீள மீனை விட்டிருந்தாள்.

"இத்தினியூண்டு மீனா? ஒரு திமிங்கலம் போடு கண்ணு" என்றார் முதலாளி.

"இது கரையோர மீன் அண்ணாச்சி. பாசிக்குள்ளதான் திரியும். பயந்துச்சுன்னா பாறை இடுக்குல ஒளிஞ்சுக்கிடும்."

முதலாளி கைதட்டினார். என் வேலைக்கு அவர் தட்டியதெல்லாம் டேபிளைத்தான்.

கறுப்புக் கலருக்கு ஜெனி எடுத்துக் கொடுத்த ஸ்கிரீனை, அதாவது இங்க் இறங்கும் வலைச் சட்டத்தை, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். மீனின் வாலடியில் ஒரு புள்ளி! பின்ஹோல்! அந்த ஓட்டை வழியே இங்க் இறங்கினால் துணி கெட்டுப்போகும். எனக்குத் தீபாவளி. டேபிள் ஆட்களையெல்லாம் கூப்பிட்டு, "படிச்ச புள்ள லட்சணத்தப் பாருங்க" என்று காட்டிவிட்டு, எமல்ஷன் பசை தொட்டு அடைத்தேன். அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் அவளே திருத்திப் பேர் வாங்கிவிடுவாளே!

சாம்பிள் ரிஜெக்ட்.

"வாலடியில கறுப்புப் புள்ளி இருந்தாத்தான் இந்த மீனாமாங்க. புள்ளி எங்கீங்க மாஸ்டர்?" என்றார் முதலாளி.

டேபிள் ஆட்கள் மொத்தப் பேரும் என்னைப் பார்த்தார்கள். சாட்சிகளைக் கூட்டி வைத்தவனே நான்தான்.

"பின்ஹோல்னு நெனச்சு நான்தானுங்க அடச்சேன்."

முதலாளி பையரிடம் கெஞ்சி இன்னொரு வாய்ப்பு வாங்கினார். புது ஸ்கிரீன் போட்டேன். ஜெனி பக்கத்திலேயே நின்று, "இது ஓட்டை அண்ணாச்சி, இத அடைங்க. அது புள்ளி, அத விட்டுருங்க" என்றாள். எனக்கு! பின்ஹோல் பாடம்! நான் ஸ்கூல் பையன் மாதிரி தலையாட்டினேன்.

சாம்பிள் ஓகே. டேபிள் ஆட்களுக்கு ஷிப்ட் கிடைத்தது. "சூப்பர் கண்ணு!" என்றார் முதலாளி, அவளிடம்.

புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: ஸ்கிரீனை ஆர்ட்வொர்க்கோடு வைத்துப் பாருங்கள். சந்தேகம் வந்தால் வரைந்தவரிடமே கேளுங்கள். கேட்க வயிறு எரிந்தால், ஒரு டம்ளர் மோர் குடித்துவிட்டுப் போய்க் கேளுங்கள். நான் தினமும் குடிக்கிறேன்.