புரியாவிட்டால் எரியும் விளக்கு

டீச்சருக்கு ஓய்வு என்பது குதிரைக் கொம்பு. வாரத்தில் ஐந்து நாள் பகல் மாணவர்கள், சனிக்கிழமை வேலைக்குப் போகிறவர்கள், ஞாயிற்றுக்கிழமை விடைத்தாள் கட்டு. நாற்பத்தாறு வயது; அந்தத் தொழிற்கல்லூரியில் பதினோரு வருடமாக ஒப்பந்த வேலை. வருடா வருடம் முதல்வர் கையெழுத்துப் போட்டால்தான் அடுத்த வருடம் நாற்காலி உண்டு. இந்த லட்சணத்தில் முகத்தில் சிரிப்பு வேறு இருக்க வேண்டுமாம்.

சனிக்கிழமைப் பாடத்தின் பெயர் ‘எங்கும் கணினி’. “கம்ப்யூட்டர்னு ஒண்ணு இருக்கிறதே தெரியக்கூடாது. கதவுல, நாற்காலில, செவுத்துல இருந்துக்கிட்டு அது பாட்டுக்கு வேலை செய்யணும்” என்று முதல் நாளே சொல்வார். கேட்பவர்களோ வாரம் முழுக்க உழைத்துக் களைத்தவர்கள். இரவு வேலை முடித்து நேராக வரும் நர்ஸ், குளிர்பதனக் கிடங்கு எலக்ட்ரீஷியன், டீச்சரைவிட எட்டு வயது மூத்த லிஃப்ட் மெக்கானிக். அவரை வகுப்பே ‘லிஃப்ட் அண்ணன்’ என்றுதான் கூப்பிடும். புத்தகத்தைத் திறந்தால் பாதிப் பேர் கொட்டாவி விட்டார்கள். அதனால் புத்தகத்தை மூடிவிட்டு, அந்த வகுப்பறைக்கே வயர் இழுக்கச் சொன்னார் டீச்சர்.

அப்படிப் பிறந்ததுதான் அந்த மஞ்சள் விளக்கு. ஒவ்வொரு மேசைக்கு அடியிலும் ஒரு பொத்தான். புரியாதவர் சத்தமில்லாமல் அழுத்தலாம். ஒரு நிமிடத்துக்குள் மூன்று பேர் அழுத்தினால் டீச்சரின் மேசையில் விளக்கு எரியும். அழுத்தியது யார் என்று யாருக்கும் தெரியாது. கை தூக்கிச் சந்தேகம் கேட்கக் கூச்சப்பட்ட பெரிய மனிதர்களெல்லாம் தாராளமாக அழுத்தினார்கள். முதல் மாதம் முப்பத்தொரு முறை எரிந்தது. எரியும்போதெல்லாம் டீச்சர் நிறுத்தி, அதையே வேறு மாதிரி சொல்லிப் பார்த்தார். மாதத் தேர்வில் தேறாதவர்கள் நான்கே பேர். போன வருடம் பதினாலு.

“வீட்டுலயும் ஒண்ணு மாட்டு. நீ பேசுறது புரியலன்னா நானும் அழுத்துறேன்” என்றார் கணவர்.

“நீங்க கையை எடுக்கவே மாட்டீங்க, ஃபியூஸ் போயிடும்” என்றார் டீச்சர். வெகு நாளைக்குப் பிறகு இருவரும் சேர்ந்து சிரித்தார்கள்.

முதல்வர் வந்து பார்த்தார், பாராட்டினார், விளக்கு மாதம் எத்தனை முறை எரிகிறது என்ற எண்ணிக்கை தன் அறைக்கு வர வேண்டும் என்றார். மாணவர்களே அதற்கும் வழி செய்து கொடுத்தார்கள். எண்ணிக்கை போய்ச் சேர்ந்ததும் வினை வந்தது.

“முப்பத்தொரு தடவை புரியலன்னா சொல்லித் தர்றதுலதானே ஏதோ கோளாறு? இந்த மாசம் பத்தைத் தாண்டாம பாத்துக்குங்க. அப்புறம் கையெழுத்து பத்திப் பேசலாம்.”

சொன்னது வகுப்பறை வாசலில். முதல்வருக்கு மெதுவாகப் பேச வராது. டீச்சர் உள்ளே போனார்.

அன்றிலிருந்து விளக்கு அடங்கிப்போயிற்று. எப்போதாவது ஒரு தடவை எரியும், அவ்வளவுதான். பொய் சொல்வானேன், டீச்சருக்கு நிம்மதியாக இருந்தது. பாடம் பிடிபட்டுவிட்டது போலிருக்கிறது என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டார். அசந்துபோன உடம்பு நல்ல செய்தியைத் துருவித் துருவிக் கேட்பதில்லை.

மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை, லிஃப்ட் கதவில் இருக்கும் சென்சார் பற்றிய பாடம். முந்தின இரவு முழுக்கத் தாள் திருத்திய கண் எரிந்துகொண்டிருந்தது. பலகையில் விதியை எழுதி, சத்தமாகப் படித்தும் காட்டினார்: ‘கதவு திறந்திருந்தால் மோட்டார் ஓடட்டும்.’ எல்லாரும் எழுதிக்கொண்டார்கள். விளக்கு எரியவில்லை.

தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பிய டீச்சருக்குத் தூக்கிவாரிப் போட்டது. திறந்த கதவோடு லிஃப்ட் கிளம்பினால் ஆள் உயிரோடு மிஞ்சுவாரா? லிஃப்ட் அண்ணனின் நோட்டை எட்டிப் பார்த்தார். அதே வரி, அழகான கையெழுத்தில்.

“அண்ணே, இருபது வருஷமா லிஃப்ட் பாக்குறீங்க. இது தப்புன்னு தெரியலையா?”

“தெரிஞ்சுது மேடம்.”

“அப்புறம் ஏன் அழுத்தல?”

அவர் பேனாவை மூடினார். “இந்த மாசம் பத்து ஆயிடுச்சு மேடம். வாசல்ல அவர் பேசினது எங்களுக்கும் கேட்டுது.”

இவர்களைக் கோபித்துக்கொள்வதா, கட்டிக்கொண்டு அழுவதா என்று டீச்சருக்குத் தெரியவில்லை. இத்தனை வாரமும் சுவரோடு பேசியிருக்கிறோம் என்பது மட்டும் தெரிந்தது.

“நிஜமாவே புரியாதவங்க இப்ப அழுத்துங்க.”

“மேடம், வேணாம்... கையெழுத்து...” என்றாள் நர்ஸ்.

“அழுத்துங்கம்மா.”

விளக்கு எரிந்தது. அணைத்தார். மறுபடி எரிந்தது. பதினொன்று. பன்னிரண்டு. பதிமூன்று. டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

“எந்தப் பாடத்துலேருந்து புரியல?”

நர்ஸ்தான் தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள்.

“பாடம் எதுன்னு ஞாபகம் இல்ல மேடம். விளக்கு எரியலன்னு நீங்க சந்தோஷப்பட ஆரம்பிச்சீங்கல்ல, அன்னிலேருந்து.”