குற்றாலத்தில் எடுத்த எபிசோடு

அருவியில் தண்ணீர் கூடினால் குளிக்கத் தடை போட்டுவிடுவார்கள். தடை போட்டால் எங்கள் கடையில் ஈ ஓட்ட வேண்டியதுதான். துண்டு, சோப்பு, ஷாம்பு பாக்கெட், பிள்ளைகளுக்கு டிரவுசர், கொஞ்சம் வளையல், பொட்டு. குளிக்காத ஆளுக்குத் துண்டு எதற்கு? இந்த சீசனில் ஒரு சனிக்கிழமை அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன். சாரல் சாய்ந்து அடித்து, வாசலில் தொங்கவிட்ட துண்டெல்லாம் நனைந்துகொண்டிருந்தது. அந்த எரிச்சலில் நான் யாரை வையலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தபோது என் சிநேகிதி குடையை மடக்கிக்கொண்டு உள்ளே வந்தாள்.

அவளும் நானும் தென்காசியில் ஒரே பள்ளிக்கூடம், ஒரே பெஞ்சு. இப்போது அவள் கடையம் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் பிளஸ் ஒன் பிள்ளைகளுக்குக் கணக்கு டீச்சர். போன் பண்ணாமல் வருகிற ஆள் இல்லை. வந்தவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "ஏட்டி, அந்த சீரியலப் போடு. நம்ம ஊர்ல எடுத்த எபிசோடு மட்டும். மொதல்லருந்து பாக்கணும்" என்றாள்.

எந்த சீரியல் என்று நான் கேட்கவில்லை. எங்கள் இரண்டு பேருக்கும் உலகத்தில் ஒரே சீரியல்தான். நாங்கள் பிளஸ் ஒன் படித்தபோது சாயங்காலம் வரும். ஐந்து பிள்ளைகள், ஒரு பள்ளிக்கூடம், அவர்களுடைய சிநேகிதம், காதல், பரீட்சை. அதற்காக நான் டியூஷனைக் கட் அடித்து அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது கொஞ்சமில்லை.

"இப்ப எதுக்கு அது?" என்று கேட்டேன். அவள் போனை எடுத்துக் காட்டினாள். நம் பக்கத்து ஆள் எவனோ பழைய குற்றாலம் ஷூட்டிங் என்று சின்னதாக ஒரு துண்டை மட்டும் வெட்டி ரீல்ஸில் போட்டிருக்கிறான். அதில் அவள் இருக்கிறாள். கீழே ஒருத்தன், இது நம்ம மேத்ஸ் டீச்சர்லா என்று எழுதிவிட்டான். அவ்வளவுதான். வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் அவள் கிளாஸ் முழுக்கப் பார்த்துவிட்டது.

"திங்கக்கிழமை நான் கிளாசுக்குள்ள எப்படிட்டி போவேன்?" என்றாள். "மெடிக்கல் லீவு போட்ருவமான்னு யோசிக்கேன். அப்படியே டிரான்ஸ்பரும் கேட்டுப் பாக்கலாம்."

கணக்கு என்றால் உயிரை விடுகிறவள் அவள். அவள் வாயிலிருந்து லீவு என்ற சொல்லை நான் கேட்டதே இல்லை.

அந்த வீடியோத் துண்டில் என்ன இருக்கிறது என்று சொன்னால்தான் புரியும். குற்றாலத்தில் வீடு வைத்திருப்பவர்கள் சீசனுக்கு மாடியை வாடகைக்கு விடுவார்கள். அவள் அப்பாவும் விடுவார். அந்த வருஷம் மாடிக்கு வந்தது அந்த சீரியலின் மேனேஜர். வாடகைக்கு வந்தவர்தான். ஆனாலும் நம் ஆட்களுக்கு வாசல்படி ஏறிவிட்டால் விருந்தாள்தானே? அவள் அம்மா தேங்காய்ப்பால் பிழிந்து சொதி வைத்து, இஞ்சித் துவையல் அரைத்து, இரண்டு வாரம் அந்த மனுஷனைத் தாங்கு தாங்கு என்று தாங்கினாள். அவருக்கு மனசு குளிர்ந்துவிட்டது. போவதற்கு முன், "உங்க பொண்ணை ஒரு சீன்ல நடக்கவிடுறேன்" என்றார். வீடே தலைகால் புரியாமல் ஆடியது.

நானும் கூடப் போனேன். அருவியில் குளித்துவிட்டு ஈரத் தலையோடு துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கி வர வேண்டும். பக்கத்தில் ஐந்து பேரில் மூன்று பையன்கள் நிற்பார்கள். இவ்வளவுதான் எங்களுக்குச் சொன்னது. நாங்கள் இறங்கினோம். டிவியில் அவள் முழுசாக வந்தாள். எனக்கு முழங்கை மட்டும் வந்தது. அந்த வயிற்றெரிச்சல் எனக்கு இன்னும் ஆறவில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

அது ஒளிபரப்பான அன்றைக்கு அவள் அப்பா டிவியைத் தூக்கி ஜன்னலில் வைத்துவிட்டார். தெரு முழுக்க வாசலில் நின்றது. அவர் அல்வா வாங்கி, பொட்டலம் பொட்டலமாகக் கட்டி, ஒவ்வொருவர் கையிலும் கொடுத்துக்கொண்டே வந்தார். அவள் படியிறங்கி வந்தாள். எல்லோரும் கைதட்டினோம். உடனே அந்தப் பையன்களில் ஒருத்தன் இன்னொருத்தன் தோளில் இடித்து, "அருவித் தண்ணி ஏன் கலங்கலா வருதுன்னு இப்பத்தாம்டா புரியுது" என்றான். நமக்குச் சிரிப்பு வராமல் போய்விடக்கூடாதே என்று டொய்ங் என்று ஒரு சத்தம் வேறு.

அவள் நல்ல கறுப்பு. எங்களுக்கெல்லாம் அது ஒரு விஷயமாகவே தோன்றியதில்லை. தெருவில் முதலில் சிலர் சிரித்துவிட்டார்கள். அப்புறம் யார் முகத்திலும் ஈயாடவில்லை. கடைசியில் எதிர்வீட்டு ஆச்சி, "எப்படியோ பிள்ள டிவில வந்துட்டாள்லா" என்றாள். எல்லோரும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். அவள் அப்பாவும் கேட்டார், கேட்காமல் இருக்க முடியாது. ஆனாலும் நிறுத்தாமல் பொட்டலத்தைக் கொடுத்துக்கொண்டே இருந்தார்.

ஒருத்தரும் அந்த மேனேஜரைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நம் வீட்டில் கை நனைத்தவரை எப்படிப் பேசுவது? அடுத்த சீசனுக்கு அந்த மனுஷன் மறுபடியும் வந்தார். அதே மாடியைத்தான் கொடுத்தார்கள், சொதியும் வைத்தார்கள். இந்தக் கூத்தை வேறு ஊரில் சொன்னால் நம்ப மாட்டார்கள். அவளைப் பெண் பார்க்க வந்தவர்களிடம்கூட, "எங்க பிள்ள டிவில வந்தவளாக்கும்" என்றுதான் அவள் அம்மா சொன்னாள். மாப்பிள்ளை வீட்டார் எந்த சீன் என்று கேட்டுவிடக்கூடாதே என்று இவள் உள்ளே கிடந்து தவித்திருக்கிறாள்.

அன்றைக்குப் பார்த்ததோடு சரி. அதற்கப்புறம் அவள் அதைப் பார்க்கவே இல்லை, ரீல்ஸில் வந்ததைக்கூட ஓடவிடவில்லை. "பிள்ளைங்க எல்லாம் பாத்துட்டு வந்து உக்காந்திருக்கும். நான் பாக்காமப் போக முடியாதுல்லா" என்றாள். அதற்குத்தான் என் கடை.

யூடியூபில் முழுசாகக் கிடக்கிறது. போனைக் கல்லாமேல் சாய்த்து வைத்து ஆரம்பித்தோம். சும்மா சொல்லக்கூடாது, முதல் பத்து நிமிஷம் சிரித்து மாளவில்லை. யூனிபார்ம் போட்ட பையனுக்குத் தாடி மழித்த பச்சை தெரிகிறது. கல்யாணம் ஆகி இரண்டு பிள்ளை இருக்கும் போல, பிளஸ் டூ படிக்கிறான். ஒருத்தி அதிர்ச்சியானால் முகத்துக்கு மூன்று தடவை கிட்டே போகிறார்கள், மூன்று தடவையும் இடி இடிக்கிறது. கதாநாயகன் அந்தப் பிள்ளை ஏறுகிற பஸ்ஸை தினமும் சைக்கிளில் துரத்துகிறான். அதைப் பார்த்து நான் அன்றைக்கு உருகினேன். இன்றைக்கு என் மகளை ஒருத்தன் அப்படித் துரத்தினால் அந்த சைக்கிளைக் கொண்டுபோய் ஐந்தருவியில் போடுவேன்.

"நமக்கு அப்ப இது பிடிச்சுதுல்லா" என்றாள் அவள்.

"பிடிச்சுது. அதுக்கென்ன இப்போ?" என்றேன். எனக்கு அந்த சீரியலை யாராவது குறை சொன்னால் பொறுக்காது. நான் சொல்லலாம், அது வேறு.

அப்புறம் அவள் படியிறங்குகிற சீன் வந்தது, கண் கலங்காமல் பார்த்தாள். அடுத்து பஸ் சீன். குற்றாலம் டூர் முடிந்து எல்லோரும் திரும்புகிறார்கள். ஒரு பையன் அரைப் பரீட்சையில் பெயிலாகி வீட்டில் சொல்லாமல் வந்திருக்கிறான். வீடு நெருங்க நெருங்க அவனுக்குப் பேச்சு நின்றுபோகிறது. பக்கத்திலிருக்கிற சிநேகிதன் ஒன்றும் கேட்பதில்லை. இறங்குகிற இடம் வந்ததும், தன்னுடைய ஸ்டாப் இல்லாவிட்டாலும் அவனோடு சேர்ந்து இறங்குகிறான். வசனமே இல்லை. இடி இல்லை, டொய்ங் இல்லை. இரண்டு பேரும் ஒரு தெருவில் நடந்து போகிறார்கள், அவ்வளவுதான். இன்றைக்கு வருகிற எத்தனையோ சீரியலில் இப்படி ஒரு சீன் நான் பார்த்ததில்லை.

திரும்பிப் பார்த்தால் அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கிறாள். அவளை நோகடித்த சீனுக்கு அழாதவள் இதற்கு அழுகிறாள்.

"இதையும் அதே ஆளுதானட்டி எழுதிருப்பான்" என்றாள். "ஒரு பையன் மனசு இவ்வளவு தெரிஞ்சிருக்கு அவனுக்கு. படியிறங்கி வாறவளுக்கும் அதே வயசுதான்னு தோணலியே. எனக்கு அதுதான் கோவமே."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. சேனலுக்கு எழுதிப் போடுவோம், அந்த ரீல்ஸ்காரனைத் தேடிப் பிடிப்போம், அந்த வசனம் பேசியவன் இப்போது எங்கே இருக்கிறான் என்று பார்ப்போம் என்று நான் குதித்தேன். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"அவனும் சின்னப் பையன்தான அன்னைக்கு. எழுதிக் குடுத்தத சொன்னான். அவனையும் எவனாவது இப்ப திட்டிக்கிட்டுதான் இருப்பான். அவன விடு" என்றாள். "எனக்கு இப்ப திங்கக்கிழமைதான் பயம். போர்டுல கணக்கு போட்டுட்டு திரும்புவேன். ஒரு பய டொய்ங்னு சத்தம் குடுத்துட்டாம்னு வையி, நான் அன்னையோட அந்த வேலைக்கு லாயக்கில்லாதவ ஆயிருவேன். அதுக்கப்புறம் எந்தக் கிளாஸ்லயும் நின்னு பேச முடியாது எனக்கு."

அவளுடைய சீனை இன்னும் இரண்டு மூன்று தடவை ஓடவிட்டுப் பார்த்தோம். நான் அந்தப் பையன் மூஞ்சியையே முறைத்துக்கொண்டிருந்தேன். அவள் சத்தத்தைக் குறைத்துவைத்துக் கேட்டாள், அப்புறம் கூட்டிவைத்துக் கேட்டாள். புண்ணை அமுக்கிப் பார்ப்பது போல இருந்தது. போகும்போது, "லீவு போடல. போய்ப் பாக்கேன்" என்றாள். பஸ் ஏறுகிற வரைக்கும் கூடப் போய் நின்றேன். அவள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தும் திரும்பிப் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை தடையை எடுத்துவிட்டார்கள். கூட்டம் அள்ளியது. எனக்கு வியாபாரத்தில் புத்தி நிற்கவில்லை. டிரவுசர் கேட்டவருக்கு சோப்பை எடுத்துக் கொடுத்தேன், சில்லறை கேட்ட அண்ணாச்சியிடம் காரணமில்லாமல் சண்டைக்குப் போனேன். இந்நேரம் கிளாசுக்குள் போயிருப்பாள், இந்நேரம் போர்டு பக்கம் திரும்பியிருப்பாள் என்று மனசு அங்கேயே கிடந்தது. சாயங்காலம் அவளே கூப்பிட்டாள். பஸ்ஸில் வந்துகொண்டிருக்கிறாள், பின்னால் ஒரே இரைச்சல்.

"போனேண்டி. உள்ள நுழைஞ்சதும் ஒரு சத்தம் இல்ல. அதுவே ஒரு மாதிரி இருந்துச்சு. சரி, இதை இழுத்துக்கிட்டே போகக்கூடாதுன்னு சாக்பீஸ கீழ வச்சுட்டு, எல்லாரும் பாத்துட்டியளான்னு நானே கேட்டேன்."

"பைத்தியமா ஒனக்கு?" என்றேன்.

"கேளுட்டி. பாத்தோம் டீச்சர்னாங்க. ஒருத்தன் எந்திரிச்சு, அந்த ஜோக் கேவலமா இருக்கு டீச்சர், இதையெல்லாம் எப்படி டிவில போட்டாங்கங்கான். அப்ப கடைசி பெஞ்சுல ஒரு பிள்ள, வாயே தொறக்க மாட்டா, அவ எந்திரிச்சு, டீச்சர், நீங்க குடுத்தீங்க பாருங்க ஒரு மொறைப்பு, அது செம டீச்சர், அவன் பேசினதும் நேரா கேமராவப் பாத்து மொறைச்சுட்டுப் போறீங்க, நாங்க எல்லாரும் அதைத்தான் திருப்பித் திருப்பிப் பாத்தோம்னு சொல்லுதா. கிளாஸே கை தட்டுது."

"நீ எங்க மொறைச்சே?" என்றேன். அத்தனை தடவை பார்த்தோமே. எனக்கு அப்படி ஒன்று இருந்ததாகவே நினைவில்லை.

"இருக்குட்டி. இப்பத்தான் பஸ்ல வச்சுப் பாத்தேன். கண்ணு சுருங்கி, நேராத்தான் பாக்கேன்." குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள். "கேமராவப் பாக்காம நடம்மான்னுதான் மேனேஜர் படிச்சுப் படிச்சு சொன்னாரு. அந்தப் பையன் என்ன சொல்லுவான்னே எனக்கு அப்ப தெரியாதே, டிவில வரும்போதுதான கேட்டோம். அம்மா பாக்கும்போது மூஞ்சி நல்லாத் தெரியணுமேன்னு ஆசைல பாத்துட்டேன். வெயிலு கண்ணுல அடிச்சிருக்கு, அவ்வளவுதான்."

"அதைப் பிள்ளைகள்ட்ட சொன்னியா?"

"சொல்லல. அந்தப் பிள்ள அவ்வளவு சந்தோசமா சொல்லுதா. அவளும் என் நெறந்தாம்ட்டி" என்றாள். "நான் மொறைச்சதாவே இருக்கட்டும்."