காற்று இறங்கும் இடம்

ஆடி மாதத்தில், கொல்லிமலைக்குக் கிழக்கே தம்மம்பட்டிப் பக்கம் ஒரு தரிசு நிலத்தில் எங்கள் ரேடாரை நிறுத்தியிருந்தோம். வானத்தைப் பார்த்துக் கிடக்கும் தட்டையான ஆன்டெனா, பக்கத்தில் கணினி வைத்த கன்டெய்னர் அறை, அவ்வளவுதான். மேலே போகும் ரேடியோ அலை காற்றில் பட்டு, மிகமிக மெலிந்து திரும்பி வரும். எந்த உயரத்தில் காற்று எந்தப் பக்கம் போகிறது, ஏறுகிறதா இறங்குகிறதா என்று அதை வைத்துச் சொல்லிவிடலாம். மலையைத் தாண்டும் மேற்குக் காற்று, பாறையைத் தாண்டிய ஆற்றுநீர்போல மேலும் கீழுமாக அலைந்துகொண்டு போகும். அந்த அலையைத் தேடித்தான் வந்திருந்தேன்.

ஆனால் எங்கள் நிலத்துக்கு நேர் மேலே காற்று இறங்கிக்கொண்டே இருந்தது. காலையிலும் இறக்கம், மத்தியானமும் இறக்கம். மலையால் எழும் அலை நின்ற இடத்திலேயே நிற்கும் என்பது தெரியும். இருந்தாலும் இவ்வளவு பிடிவாதமாகவா? ஆன்டெனா சாய்ந்திருந்தாலும் இப்படித்தான் காட்டும். நான்கு நாள் ரசமட்டம் வைத்து மூலை மூலையாகப் பார்த்தேன். குமிழி நடுவிலேயே நின்றது. எனக்குத்தான் நம்பத் தைரியம் வரவில்லை.

ஐந்தாம் நாள் காலை நாமக்கல்லிலிருந்து ஒரு லாரி ஜெனரேட்டர் கொண்டுவந்தது. டிரைவருக்கும் என்னைப்போல நாற்பதைத் தாண்டிய வயது. இறக்கி முடித்ததும் டீ கொடுத்தேன்.

"இது என்னத்தைங்க பாக்குது?" என்றார்.

"காத்தைத்தாங்க."

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "காத்தா? இந்த ரோட்டுல கிழக்கால போனா மூணு எடத்துல அமுக்குமுங்க. நடுவுல கம்முனு இருக்கும். ரெண்டு வருசத்துக்கு முன்னால, ரெண்டாவது எடத்துல ரோடு வடக்கால திரும்பற வளைவுலதான் என் வண்டி சாஞ்சுது. வெறும் முட்டை அட்டைதானுங்க லோடு, கனமே இல்ல. தூங்கிட்டேன்னுட்டாங்க."

"யாரு?"

"மொதலாளி. அப்பறம் ஊட்டுலயும்."

அந்த இடங்களைக் காட்டச் சொன்னேன். காலி வண்டியோடு திரும்ப வேண்டியவர் என்னை ஏற்றிக்கொண்டு கிழக்கே போனார். வானத்தில் மேகங்கள் பட்டை பட்டையாக, யாரோ நிறுத்திவைத்ததுபோல அசையாமல் நின்றன. அவற்றின் ஊடாகக் காற்று ஓடுகிறது, மேகம் மட்டும் நிற்கிறது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் கண் நம்பவில்லை. "இப்ப," என்றார். தார்ப்பாய் படபடவென்று அடித்துக்கொண்டது. பிறகு ஓய்ந்தது. இருபுறமும் மரவள்ளி இலைகள் ஆடாமல் நின்றன. எனக்குத் தூக்கத்தில் போவதுபோல இருந்தது. "இப்ப," என்றார் மறுபடி. வளைவில் வண்டி ஒரு பக்கமாகத் தள்ளப்பட்டது. அவர் ஸ்டீரிங்கை இறுகப் பிடித்தார். மூன்றாவது இடத்தையும் செல்போன் வரைபடத்தில் குறித்துக்கொண்டேன். மூன்றுக்கும் நடுவில் ஏறக்குறைய ஒரே தூரம். முதல் இடத்திலிருந்து அதே தூரம் மேற்கே அளந்தால் எங்கள் நிலம் வந்தது. அதுவும் அலை இறங்கும் இடம்தான்.

ஆன்டெனா சாயவில்லை.

திரும்பி வந்து திரையைக் காட்டினேன். கீழே மேற்குக் காற்று. மிக உயரத்தில் கிழக்கிலிருந்து பாயும் வேறொரு காற்று. நடுவில், இரண்டும் இல்லாத ஓர் அமைதி. மலையின் அலை அதுவரை ஏறிப்போய் அங்கே அடங்கிவிடும். அவர் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப நான் தூங்கலைங்களா?"

"அன்னிக்கு இங்க ரேடார் இல்லைங்க. அதனால அன்னிக்கு நடந்ததை என்னால சொல்ல முடியாது. ஆனா இந்த மாதிரிக் காத்துல, அந்த வளைவுல, முழிச்சிருக்கறவர் வண்டியும் சாயலாம். எழுதியே தரேன்."

"எழுத்தெல்லாம் வேண்டாங்க. அவகிட்ட ஒருக்காச் சொல்லுங்க."

அவர் மனைவிக்குப் பள்ளிபாளையத்தில் விசைத்தறி வேலை. போனில் முதலில் தறிச் சத்தம்தான் கேட்டது. நான் பேசப் பேச அது தள்ளிப்போனது. அந்த அம்மா வெளியே நடந்துவந்திருக்க வேண்டும். மலை, அலை, வளைவு எல்லாம் சொன்னேன். டிரைவரிடம் சொன்னதுபோலவே, அந்த ஒரு நாளைப் பற்றி எனக்குத் தெரியாது என்பதையும் சொன்னேன்.



"அவரு பக்கத்துல இருக்காருங்களா?" என்று கேட்டார். "குடுங்க."

டிரைவர் போனை வாங்கிக்கொண்டு தரிசுக்குள் வெகுதூரம் நடந்துபோனார். சட்டை முதுகில் உப்பிப் படபடத்தது. என்ன பேசினார்களோ தெரியாது. ஒருமுறை அவர் சிரித்தது மட்டும் காற்றோடு வந்தது. திரும்பி வந்தவர், காலையில் வைத்துவிட்டுப் போன, ஆறிப்போன டீயை எடுத்து ஒரே மடக்கில் குடித்தார்.