ஐந்து மைலுக்கு ஒருமுறை

அன்றைக்கு என் கடை வாசலில் இருந்தவர்கள் ஐந்து பேர். நான் ஒருவன். அன்று விற்ற மோட்டார் சைக்கிளில் பாதிப் பங்கு வைத்திருந்த அரக்கோணத்து மெக்கானிக் பாய். வாங்க வந்த விவசாயி. அவர் மனைவியின் தம்பி. அப்புறம் அவர்கள் கூட்டிக்கொண்டு வந்த மாட்டுத் தரகர். வேறு ஒருவரும் இல்லை. இதை இவ்வளவு திட்டமாகச் சொல்லக் காரணம் உண்டு. அன்று சொல்ல வேண்டிய ஒரு விஷயம் சொல்லப்படவில்லை. அந்த விஷயம் தெரிந்தவர்கள் ஐவரில் இரண்டு பேர். சொல்கிறேன் என்று ஒப்புக்கொண்டவன் நான்.

இரண்டாவது உலகச் சண்டை முடிந்த மறு வருஷம் அது. திருத்தணியில் மலைக்குப் போகும் வழியில் சைக்கிள் வாடகைக்கு விடும் கடை வைத்திருந்தேன். நான் ஆறாவதோடு நின்றவன். கணக்கு வாத்தியார் கரும்பலகைக்குக் கூப்பிடுவாரோ என்று பயந்து ஒருநாள் போகவில்லை. போகாததற்கு அடிப்பாரே என்று மறுநாளும் போகவில்லை. அப்படியே நின்றுபோனது. கடை வைத்த பிறகும் பூட்டிய பூட்டை மூன்று தடவை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவேன். வாடகைக்கு சைக்கிள் எடுக்கிறவர்களிடம் பிரேக், மணி, மாடு, மழை என்று எல்லாவற்றையும் எச்சரித்து அனுப்புவேன். இரண்டணா வாடகைக்கு இரண்டு ரூபாய்க்குப் பேசுகிறான் என்று கேலி செய்வார்கள்.

அந்த மோட்டார் சைக்கிள் அரக்கோணத்தில் ஒரு வெள்ளைக்காரர் விட்டுப்போன கொட்டகையில் கிடந்தது. எனக்கும் அதற்கும் ஏறக்குறைய ஒரே வயது. கோழிகள் அதன் மேல் அடைந்து எச்சமிட்டிருந்தன. பாய்தான் அதைக் காட்டினார். அறுபது ரூபாய்க்குப் பேசி முடித்தோம். என் பங்குப் பணத்துக்காக என்னிடமிருந்த நாலு வாடகை சைக்கிளில் இரண்டை விற்றேன். சண்டை நாளில் சாமான் ஒன்றும் கிடைக்காது. பாய் ஒவ்வொரு உறுப்பாக லேத்தில் கடைந்து செய்தார். நான் துருவைச் சுரண்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, கறுப்பு வர்ணம் நாலு கை பூசினேன். ஒன்றரை வருஷம் ஆனது. முதல் முறையாக அது உறுமி ஓடியபோது தெருவே வந்து நின்று பார்த்தது. நான் மட்டும், நின்றுவிடுமோ என்று காதை அதன் பக்கம் வைத்துக்கொண்டிருந்தேன்.

அது நின்றது. என்ஜினின் அடிப் பெட்டியில் ஒரு விரிசல் இருந்தது. பாய் அதன் மேல் செப்புத் தகடு வைத்து, சின்னச் சின்ன ஸ்க்ரூ முடுக்கி, வெள்ளை ஈயம் குழைத்து அடைத்தார். ஆறின நிலையில் ஒன்றும் தெரியாது. நெடுந்தூரம் ஓடிச் சூடேறினால் எண்ணெய் கசியும். எண்ணெய் தீர்ந்தால் பிஸ்டன் இறுகிக்கொள்ளும். பாய் சொன்னது இவ்வளவுதான்: “அஞ்சு மைலுக்கு ஒருக்கா நிறுத்தி ஆறவுட்டு, எண்ணெ பாத்து ஊத்தணும் தம்பி. அப்படி ஓட்னா பத்து வருஷம் ஓடும். வாங்கறவங்க கிட்ட அத சொல்லிடு. இந்த ஓட்டையோட முந்நூறு ரூபா தகும், மேல கேக்காதே.” நானும் சரி என்றேன். அடைத்த இடத்தின் மேல் ஐந்தாவது கையாக வர்ணம் பூசினவனும் நான்தான். தகடு அசிங்கமாகத் தெரிகிறது என்று சொல்லிக்கொண்டு பூசினேன்.

வாங்க வந்த விவசாயி நாலு மைல் தள்ளியிருந்த கிராமத்துக்காரர். மோட்டார் சைக்கிளை அதுவரை தொட்டவர் இல்லை. அவருடைய மருமகன் அரக்கோணத்தில் ஒரு மண்டியில் கணக்கு எழுதுகிறவன். கலியாணத்தில் பேசின பட்பட்டி, அதாவது மோட்டார் சைக்கிள், வந்தால்தான் பெண்டாட்டி வரலாம் என்று அவளைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பி நாலு மாதம் ஆகியிருந்தது. அவர் ஒரு ஜோடி உழவு மாட்டை விற்றுவிட்டு வந்திருந்தார். மாடு விற்ற பணம் என்பதால் மாடு வாங்குவதுபோலவே வாங்க வந்தார். தரகர் வந்ததும் அதனால்தான்.

வண்டியைச் சுற்றி வந்து, டயரை அமுக்கி, பெட்ரோல் டாங்கியைத் தட்டிப் பார்த்துவிட்டு அவர் கேட்டார்: “உதைக்குமா?”

“ஸ்டார்ட் பண்ணசொல்ல உதைக்கும், முழங்கால் பத்திரம்,” என்றார் பாய். எல்லோரும் சிரித்தோம்.

“முட்டுமா?” என்று கேட்டார் மைத்துனர்.

“ஓட்றவர் முட்டினா முட்டும்.”

“நடு வழியில படுத்துக்குமா?” என்றார் விவசாயி, சிரித்துக்கொண்டே.

பாய் என்னைப் பார்த்தார். அது என் முறை. நான் எல்லோரையும் விடப் பெரிதாகச் சிரித்தேன். அந்தச் சிரிப்பிலேயே கேள்வி போய்விட்டது. விலை பேசி முடிந்ததும் சொல்லலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

தரகர் என் கையைப் பிடித்து மேலே துண்டைப் போட்டார். எனக்கு அந்தப் பழக்கம் கிடையாது. துண்டுக்குள் நாலு விரலை அழுத்தி, நூறு என்று உதட்டை அசைத்தார். பிறகு ஐந்து விரலையும் சேர்த்துப் பிடித்து, பத்து என்று அசைத்தார். நானூற்று ஐம்பது. விலைக்கு ஏற்றாற்போல் அவருக்குத் தரகு. முந்நூறு போதும் என்று மூன்று விரலைப் பிடிக்க எனக்குக் கை இருந்தது. விற்றுப்போன இரண்டு சைக்கிளும், வராமல்போன வாடகையும் அந்தத் துண்டுக்குள் எனக்குத் தெரிந்தன. கையை அசைக்காமல் வைத்திருந்தேன். அசைக்காவிட்டால் சம்மதம் என்று அர்த்தமாம். துண்டுக்குள் பேசின விலை வெளியில் நிற்கிறவருக்குத் தெரியாது, பாய்க்கும் தெரியாது. அதற்குள் தொழுகைக்கு நேரமாகிவிட்டது என்று அவர் கிளம்பினார். போகும்போது, “அத சொல்லிடு,” என்றார்.

தரகர் அதே விலையை விவசாயியிடமும் துண்டுக்குள் பிடித்துச் சொல்ல, அவர் முந்நூற்று எழுபத்தைந்து ரூபாய் எண்ணி வைத்தார். மாட்டு வியாபார வழக்கப்படி எழுபத்தைந்தைப் பிடித்துக்கொண்டார். பதினைந்து நாள் உழுது பார்த்துவிட்டு மீதியைத் தருவார்களாம். அப்புறம் இடுப்பிலிருந்து ஒரு புதுக் கயிற்றை எடுத்து வண்டியின் கைப்பிடியில் கட்டினார். விற்கிறவன் தன் கயிற்றை அவிழ்த்துக்கொள்ள வேண்டும். என்னிடம் கயிறு ஏது? துடைக்கிற துணி ஒன்று கைப்பிடியில் சுற்றியிருந்தது, அதை அவிழ்த்துக்கொள்ளச் சொன்னார் தரகர். அவிழ்த்துக்கொண்டேன். ஓட்டத் தெரிந்தவர் அவர்களில் யாரும் இல்லை. எட்டு மைலும் தள்ளிக்கொண்டே போய் மருமகன் வீட்டில் விடுவதாக இருந்தார்கள். சொல்ல வேண்டியதைச் சொல்ல அதுதான் கடைசி நேரம்.

நான் பேச ஆரம்பித்தேன். பிரேக் பிடிக்கும்போது பின்னது முதலில் என்றேன். கோழி குறுக்கே வந்தால் கைப்பிடியைத் திருப்பக்கூடாது என்றேன். தீப்பொறி கொடுக்கும் மேக்னெட்டோ மழையில் நனையக்கூடாது, பெட்ரோல் ஊற்றும்போது பீடி கூடாது, குழந்தைகள் புகைக்குழாயைத் தொடக்கூடாது, வெயிலில் நிறுத்தினால் டயர் கெடும். பெட்ரோல் ரேஷன் கூப்பனைக் கரையான் அரிக்காத இடத்தில் வைக்க வேண்டும் என்றுகூடச் சொன்னேன். இருபது இருக்கும். ஒவ்வொன்றைச் சொல்லும்போதும் அடுத்தது அதுதான் என்று நினைத்தேன். அதைச் சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்று கேட்டால் விலை என்ன ஆகும்?

விவசாயி தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். பிறகு மைத்துனரிடம் சொன்னார்: “பாத்தியா, இவ்ளோ சொல்றவன் எதையும் மறைக்கமாட்டான். நைனா, நீ நல்லா இருக்கணும்.”

வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்கள். அரக்கோணம் சாலை திரும்பும் வரை பார்த்துக்கொண்டிருந்தேன். தள்ளித்தானே போகிறார்கள், சூடேறாது என்று ஒரு நிம்மதி வந்தது. இன்றைக்கும் என்னைக் கூசவைப்பது அந்த நிம்மதிதான்.

பாய் திரும்பி வந்து, “சொன்னியா?” என்றார்.

“ஆங், சொல்லிட்டேன்.”

விலையைக் கேட்டதும் அவர் முகம் மாறியது. முந்நூறு என்று பேசியிருந்தோமே என்றார். அவர்களாகத்தான் கொடுத்தார்கள் என்றேன். அவர் முந்நூறில் பாதியான நூற்று ஐம்பதை மட்டும் எடுத்துக்கொண்டார். மேலே வந்தது அந்த மனுஷனுடையது, மீதி கொடுக்க வரும்போது கழித்துவிடு என்று சொல்லிவிட்டு ரயிலுக்குப் போனார்.

பத்தாம் நாள் காலையில் விவசாயி கடைக்கு வந்தார். கூடவே ஒரு தகரப் பெட்டியைப் பிடித்துக்கொண்டு அவருடைய மகள். அவளை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. பெட்டியைக் கீழே வைக்காமலே நின்றாள்.

“வண்டி படுத்துக்கிச்சு நைனா,” என்றார். மருமகன் ஏழெட்டு மைல் தள்ளியிருந்த தக்கோலம் வரை ஒரே ஓட்டமாக ஓட்டியிருக்கிறான். நடு ரோட்டில் இறுகி நின்றுவிட்டது. மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறான். “உன் மேல தப்பு சொல்ல வர்ல. நான் தெரிஞ்சேதான் ஓட்ட வண்டிய தலையில கட்டிட்டன்னு சொல்லிக்கினு, இவள மறுபடி ரயிலேத்தி வுட்டுட்டாரு. நீ வந்து ஒரு வார்த்த சொல்லு. விக்கசொல்ல நல்லாத்தான் இருந்திச்சின்னு. நீ சொன்னா நம்புவாங்க.”

மூன்று பேரும் ரயிலேறினோம். அரக்கோணம் வரும் வரை சொல்ல வேண்டியதை மனசுக்குள் அடுக்கினேன். ஓட்டை இருந்தது, எனக்குத் தெரியும், இவருக்குத் தெரியாது. மூன்றே வார்த்தை. அதற்குமேல் ஒன்றும் வேண்டாம். அந்தப் பெண் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தாள். அவள் ஒன்றும் கேட்காதது எனக்குச் சௌகரியமாக இருந்தது.

மருமகன் வாசலிலேயே நின்றான். வண்டி முற்றத்தில் எண்ணெய் வழிந்த கறையோடு சாய்ந்து கிடந்தது. அவன் மாமனாரைப் பார்க்காமல் என்னைக் கேட்டான்: “வித்தது நீதானே? இன்னா தெரிஞ்சி வித்தே? இவருக்குத் தெரியுமா, தெரியாதா?”

விவசாயி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பெண் வாசற்படிக்கு வெளியே பெட்டியோடு நின்றாள்.

“ஐயாவுக்கு ஒண்ணும் தெரியாதுங்க,” என்றேன். அது நிஜம். “அஞ்சு மைலுக்கு ஒருக்கா நிறுத்தி, ஆறவுட்டு எண்ணெ பாக்கணும். அத சொல்ல மறந்துட்டேன். தப்பு என்னுது.”

“கோழி குறுக்க வரும்னு சொல்ல ஞாபகம் இருந்திச்சி. எல்லாத்தையும் இவரு வந்து ஒப்பிச்சாரு. இது மறந்துட்டியா?”

“மறந்துட்டேங்க.”

அவன் சிரித்தான். மறதிக்காரன் எல்லாம் கடை வைக்கிறான் என்றான். இலவசமாகச் சரிபண்ணிக் கொடுக்கிறேன் என்றேன், உடனே ஒப்புக்கொண்டான். பிறகு அவள் பக்கம் திரும்பாமலே, “உள்ள போ,” என்றான். அவள் பெட்டியோடு என்னைத் தாண்டிப் போனாள். நான் நகர்ந்து வழி விட்டேன். விவசாயி என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

மறந்துவிட்டேன் என்ற அந்த ஒரு சொல் எல்லோருக்கும் நல்லது செய்துவிட்டது. அதனால்தான் அதைத் திரும்ப எடுக்க எனக்கு வழியில்லாமல் போனது.

பாய் அந்த வண்டியைத் தன் பட்டறையில் பிரித்தார். உள்ளே பார்த்ததும், “சொன்னேன்னு சொன்னியே தம்பி,” என்றார். கூலி வாங்காமல் வேலையை முடித்தார். பிஸ்டன் செலவு நான் கொடுத்தேன். அதை விவசாயிக்குத் தர வேண்டியதில் கழித்துக்கொள்ள எனக்கு வாய் கிடையாது. அதற்குப் பிறகு அவர் என்னோடு கூட்டாக ஒன்றும் வாங்கவில்லை. பார்த்தால் நலம் விசாரிப்பார், டீ வாங்கிக் கொடுப்பார். அவ்வளவுதான்.

வேர்க்கடலை அறுவடை முடிந்ததும் விவசாயி அந்த எழுபத்தைந்தை எடுத்துக்கொண்டு வந்தார். வேண்டாங்க என்றேன். கேட்கிறவர் வற்புறுத்தும்படியாகத்தான் அதைச் சொன்னேன். “மறதி யாருக்கு இல்ல? கூப்ட உடனே ரயிலேறி வந்தியே, அதுக்கு நான் இன்னா குடுக்கறது?” என்று கல்லாப் பெட்டி மேல் வைத்தார். கழித்துவிடு என்று பாய் சொன்னது காதில் இருந்தது. கழிப்பதென்றால் எதற்கு என்று சொல்ல வேண்டும். பணத்தை உள்ளே வைத்தேன். அவர் போனதும் பெட்டியை மூன்று தடவை இழுத்துப் பார்த்தேன்.

அதோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. அவர் ஊரில் யாருக்கு சைக்கிள் வேண்டுமானாலும் என்னிடம் அனுப்பினார். “அந்தத் தணிகைக்காரன் கிட்ட போங்க, தன் தப்ப தானே சொல்றவன்,” என்று சொல்லி அனுப்புவாராம். வாடகையோடு பழைய சைக்கிள் விற்கவும் ஆரம்பித்திருந்தேன், வந்தவர்கள் விலை பேசாமல் வாங்கிப் போனார்கள். இரண்டு சைக்கிள் நாலாகி, நாலு பத்தானது. அந்தப் பத்தும் அவர் வாயால் வந்தவை. ஆடிக் கிருத்திகைக்குக் காவடியோடு வரும்போது கடையில் வந்து உட்காருவார். மகளுக்கு ஆண் குழந்தை பிறந்ததை எனக்குச் சொல்லிவிட்டுத்தான் மலை ஏறினார். ஒவ்வொரு தடவையும் ஒரு கவரில் பணத்தைப் போட்டு மேசைக்குள் தயாராக வைத்திருப்பேன். அவர் உட்கார்ந்து மோர் குடிப்பார், பேசுவார், எழுந்து போவார். இந்த வருஷம் சொல்லவில்லையே, இனி எந்த முகத்தோடு சொல்வது என்று அடுத்த வருஷம் தோன்றும்.

இப்போது அவரால் மலை ஏற முடிவதில்லை, அதனால் கடைக்கும் வருவதில்லை. நான்தான் போக வேண்டும். போன மாதம் அந்த ஊர் எல்லை வரை சைக்கிளில் போனேன். கிணற்றங்கரையில் ஒருவர் யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார். யாரையும் இல்லை, காற்று குறைந்திருக்கிறதா என்று பார்க்க நின்றேன் என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டேன். கவர் சட்டைப்பையிலேயே இருந்தது.

அவருக்கு நான் கொடுக்க வேண்டியது நூற்று ஐம்பது ரூபாய்.